அவுக வாய்க்கு ஒரு வயர்

நீங்களும் மெர்சிக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கியளா? உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், சுவரை ஒட்டிப் போட்டுக்கோங்க. சாப்பிடப் போயிருக்கா. அட்டையில என்னமோ எழுதித் தொங்க விட்டிருக்கா பாருங்க. பத்து நிமிசத்துல வருவான்னு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வாசிச்சுச் சொன்னாரு. நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவ, எனக்கு எங்க அதெல்லாம் வாசிக்க வருது.

போன் கண்ணாடி உடைஞ்சிட்டா? நல்லாச் செஞ்சு கொடுப்பா. தொழில்ல அவளைக் குத்தம் சொல்ல முடியாது. இந்தச் சுரண்டை பஸ் ஸ்டாண்டுல அவளை மாதிரி கைவேலைக்காரி கிடையாது. நான் இன்னைக்கு வந்திருக்கது வேற விசயத்துக்கு. அவளை நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும். கேக்காம வீடு திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் செருப்பை மாட்டினேன்.

நீங்க டீச்சர்தானே? விரல்ல செவப்பு மை இருக்கே. நல்லதாப் போச்சு. அப்ப நீங்களே நியாயம் சொல்லுங்க டீச்சர்.

இந்தா, மஞ்சப்பைக்குள்ள பாருங்க. இந்த நீளமா இருக்கது கீபோர்டு. இந்தக் கையகலப் பெட்டி இருக்குல்லா, இதுதான் பேசுற பெட்டி. எழுத்தை அடிச்சு இந்தப் பெரிய கட்டையை அமுக்கினா, அடிச்சதை வாயால வாசிக்கும். இந்த ரெண்டையும் சேத்து வச்சவ மெர்சி. என் குடும்பத்தைக் குலைச்சவளும் அவதான். எப்படின்னு சொல்லுதேன்.

எங்க வீட்டுக்காரவுக பேரு குத்தாலிங்கம். பத்திர ஆபீஸ் வாசல்ல முப்பத்தோரு வருசம் டைப் அடிச்சவுக. நீங்க இந்த ஊர்ல வீடோ காடோ வாங்கியிருந்தா உங்க பத்திரமும் அவுக அடிச்சதாத்தான் இருக்கும். கட்டையைப் பாக்கவே மாட்டாக. கண்ணு கட்சிக்காரர் மூஞ்சியில இருக்கும், விரல் அது பாட்டுக்குப் போகும். ஆனா பேச்சு மட்டும் சுருக்கம். வீட்டுல என்ன கேட்டாலும் 'ம்'. பேசுறதெல்லாம் நான்தான். அவுகளுக்கும் சேத்து நான்தான் பேசுவேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான், அதுல ஒரு குறையும் வந்ததில்ல.

பதினாலு மாசத்துக்கு முன்னால வாதம் வந்து விழுந்துட்டாக. வலது கை போச்சு. நாக்கு இழுத்துக்கிட்டு, பேசினா கொழகொழன்னு வரும், ஒண்ணும் விளங்காது. இடது கையால எழுதிப் பாத்தாக. புழு ஊர்ந்த மாதிரி இருக்கும், எழுதினவுகளுக்கே அது என்னன்னு தெரியாது. தலை மட்டும் நல்லா ஆடும். அதனால ஒண்ணும் கஷ்டம் இல்ல டீச்சர். நான் கேப்பேன், அவுக தலையாட்டுவாக. கூழ் குடிக்கியளா? தலையாட்டுவாக. டிவியை அமத்திரட்டுமா? தலையாட்டுவாக. பாக்க வந்த ஆள் ரொம்ப நேரம் இருந்து பேசுதானே, போகச் சொல்லட்டுமா? தலையாட்டுவாக. நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஒத்துமை.

அந்தப் பதினாலு மாசமும் எனக்குத் துணையா நின்னது எங்க அண்ணன் வெள்ளத்துரை. ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு நாள், வராண்டாவுல துண்டை விரிச்சுப் படுத்துக் கிடந்தாரு. கூடப்பிறந்தவன் யாரு செய்வான் இந்தக் காலத்துல? அந்த வராண்டாவுல வச்சுத்தான் நான் வாக்குக் கொடுத்தேன். "அண்ணே, என் மக ஆவுடையை உன் மகன் மகராசனுக்குத் தாரேன்"னு சொன்னேன். மகராசன் தங்கமான பய. சொந்தமா ஜேசிபி ஓட்டுதான். குடி கிடையாது, பீடி கிடையாது, வெத்தலைகூடப் போட மாட்டான். ஆவுடை தென்காசியில ரத்தம் டெஸ்ட் எடுக்குற இடத்துல வேலை பாக்கா. இருபத்திநாலு வயசு. அவுகள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். "ஆவுடையை மகராசனுக்குக் கொடுத்திரலாமா?" தலையாட்டினாக. ஒரு தடவை இல்ல, நான் பேசி முடிக்கிற மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தாக. அவ்வளவு சந்தோசம்.

ஆவுடைகிட்ட போய்ச் சொன்னேன். "அப்பாவுக்குச் சம்மதமா?"ன்னு மட்டும் கேட்டா. ஆமா, தலையாட்டிட்டாகன்னேன். அதுக்குமேல பேசல. பொட்டப்புள்ள பேசாம இருந்தா என்ன அர்த்தம்? சம்மதம்னு அர்த்தம். என்ன டீச்சர், பேசாம இருக்கிய? சரிதானே நான் சொல்லுறது?

இங்கதான் ஒரு சிக்கல் வந்துது. எங்க சனத்துல ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்னைக்கு வெத்தலைத் தட்டை மாத்துறதுக்கு முன்னால, பொண்ணைப் பெத்தவன் சபையில எந்திரிச்சு மூணு தடவை வாய்விட்டுச் சொல்லணும், 'பொண்ணு கொடுக்கச் சம்மதம்'னு. தகப்பன் செத்துப்போயிருந்தா பங்காளி சொல்லலாம். உயிரோட இருந்தா அவன் வாயாலதான் சொல்லணும். எங்க அண்ணன் இந்த மாதிரி விசயத்துல ரொம்பக் கறாரு. "பிரமு, மாப்ள தலையை ஆட்டினது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியுமா? பேச்சு இல்லாத மனுசன் வீட்டுல புகுந்து பொண்ணைத் தூக்கிட்டு வந்துட்டான் வெள்ளத்துரைன்னு நாளைக்கு எவனாவது ஒருத்தன் சொல்லுவான். மாப்ள வாயால ஒரு வார்த்தை வரணும்"னு நின்னுட்டாரு. அவர் சொன்னதும் நியாயம்தான்.

எனக்கு அப்பத்தான் இந்தப் பெட்டி ஞாபகம் வந்துது. ஆஸ்பத்திரியில பேச்சுப் பழக்குறதுக்கு ஒரு பொண்ணு வரும். அது ஏதோ தொண்டு நிறுவனத்துல எழுதிக் கேட்டு வாங்கிக் கொடுத்துது. பாருங்க, இதுலேயே எழுத்து இருக்கு. ஒவ்வொரு கட்டையும் புளியங்கொட்டையில பாதி. இடது கைப் பெருவிரலை வச்சா மூணு கட்டை சேந்து அமுங்கும். நாலு நாள் மல்லுக்கட்டிட்டு அவுக தூக்கி ஓரமா வச்சிட்டாக. நானும் துணியைப் போட்டு பீரோ மேல வச்சிட்டேன். அதுக்கு என்ன தேவை, நான்தான் இருக்கேன்லா?

அதை எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். ஆமா டீச்சர், நான்தான் வந்தேன். அதை நான் மறைக்கல. "ஏட்டி மெர்சி, இதுலேருந்து 'சம்மதம்'னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், அதுக்கு வழி பண்ணு"ன்னேன். அவ திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஐயா டைப் அடிக்கிறவுகதானே பெரியம்மா? பெரிய கீபோர்டு ஒண்ணைச் சொருகிருவோம்"னா. யோசனை அவளோடது. நல்லாக் கேட்டுக்கோங்க, யோசனை அவளோடது.

சொருகினா சும்மா வேலை செய்யுதா? கீபோர்டோட முனை தட்டையா பெருசா இருக்கு. பெட்டியில இருக்கது எறும்பு நுழையிற ஓட்டை. நடுவுல ஒரு குட்டி வயரைப் போட்டா. அப்பவும் ஒண்ணும் வரல. ஒரே ஒரு ஓட்டைதான், சார்ஜ் ஏத்துறதும் அதுலதான், கீபோர்டைச் சொருகுறதும் அதுலதான். "மனுசனுக்கும் ஒரு வாய்தான், அதுலதான் திங்கான், அதுலதான் பேசுதான். இதுக்கு முடியலையாக்கும்?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே நாலு வாய் வச்ச ஒரு சின்ன டப்பாவைக் கொண்டாந்து சேத்தா. ஒண்ணுல சார்ஜ், ஒண்ணுல கீபோர்டு. அப்பவும் அசையல.

அதுக்கு அவ ஒரு விளக்கம் சொன்னா பாருங்க. "பெரியம்மா, இதுக்குள்ள ஓடுறது லினக்ஸ். நம்ம சொல்றதுக்கெல்லாம் வளைஞ்சு கொடுக்கும், ஆனா ஒவ்வொண்ணையும் எழுதிச் சொல்லணும். இந்தப் பெட்டி இன்னொரு கம்ப்யூட்டர் கூடச் சேந்து, அது சொல்றதைக் கேட்டே பழகியிருக்கு. அதனால எதைச் சொருகினாலும், தான் அதுக்கு அடங்கினவன்னு நெனச்சுக்கிட்டு சும்மா கிடக்கு. நீதான் இங்க முதலாளி, உனக்குக் கீழதான் கீபோர்டுன்னு இதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்." அப்படின்னா.

"சொல்லிக்கொடுடி, பெட்டிக்கு என்ன வந்துச்சு, இப்படியா பயந்து கிடக்கும்"னேன்.

அவ லேப்டாப்பைத் திறந்தா, கறுப்புத் திரையில வெள்ளையா எழுத்து ஓடுது. அவ தட்டுதா, அழிக்கா, தட்டுதா. ரெண்டு டீ குடிச்சு முடிச்சோம். பொறவு கீபோர்டு மூலையில ஒரு பச்சை விளக்கு எரிஞ்சுது. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். இந்த மகராசிக்கு நல்ல புருசன் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன் டீச்சர், அன்னைக்கு. வேண்டினதை வாபஸ் வாங்க வழி இருந்தா இப்பவே வாங்கிருவேன்.

வீட்டுல கொண்டு போய் அவுக முன்னால வச்சேன். அவுக இடது கையைக் கட்டை மேல வச்ச உடனே விரல் அஞ்சும் ஓடுச்சு. நான் அசந்து போயிட்டேன். பெரிய கட்டையை அமுக்கினாக. பெட்டி பேசுச்சு. பொம்பளக் குரல்! ரயில்வே ஸ்டேசன்ல வண்டி வருதுன்னு சொல்றாப்ல ஒரு குரல். அது சொன்னது ஒரு எழவும் விளங்கல. 'ஞபிதூ மைலுங'ன்னு அரை நிமிசம் உளறுச்சு. திரும்ப அடிச்சாக, திரும்ப உளறுச்சு. மூளை குழம்பிட்டு போலன்னு நெனச்சேன். அண்ணனுக்குப் போன் பண்ணி, "அவுகளுக்குப் புத்தி தடுமாறிட்டுண்ணே, இனிமே கேக்குறதுக்கு என்ன இருக்கு, என் வாக்கே போதும்"னு சொல்லிட்டேன்.

அதோட விட்டிருக்கலாம்லா? ஆவுடை விடல. "அம்மா, அப்பா விரலைப் பாரு, ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்காக. குழம்பினவுக அப்படி அடிக்க மாட்டாக"ன்னு சொல்லி மெர்சிக்குப் போன் போட்டா. மெர்சி அன்னைக்கே கடையைச் சாத்திட்டு வந்துட்டா. யாரு கூப்பிட்டா இவளை வீட்டுக்கு? வந்தவ அவுக பக்கத்துல குனிஞ்சு, "ஐயா, நீங்க பழைய டைப் மெசின்ல படிச்சவுக, உங்க எழுத்து வேற வரிசை. நான் புது வரிசையை வச்சுத் தந்துட்டேன். தப்பு என் மேலதான்"னு சொல்லி, கறுப்புத் திரையில என்னமோ நாலு வரி அடிச்சு, "இப்ப அடிங்க"ன்னா.

அடிச்சாக. பதினாலு மாசத்துக்குப் பொறவு அவுக பேசின முதல் பேச்சு என்னன்னு நெனைக்கிய?

'கேப்பைக் கூழ் வேண்டாம்.'

அதுதான் டீச்சர், அதுதான்! கட்டினவளைப் பாத்து 'எப்படி இருக்க பிரமு'ன்னு ஒரு வார்த்தை இல்ல. நான் கேப்பையை முளைகட்டி, காயவச்சு, திரிச்சு, தினமும் ரெண்டு வேளை காய்ச்சி ஊட்டினவ. 'வேண்டாம்.' அடுத்தது, 'டிவியைப் போடு.' அதுக்கு அடுத்தது, 'ஸ்டாம்ப் வெண்டர் ஆறுமுகத்தை வரச் சொல். அவனை ஏன் விரட்டினாய்.' ஆவுடை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா, கண்ணுல தண்ணி ஓடுது. இந்த மெர்சியும் கூடச் சேந்து சிரிக்கா. என் வீட்டுல நின்னுக்கிட்டு!

சரி, கூழ் போகட்டும், சோறே போடுதேன்னு நான் பொறுத்துக்கிட்டேன். நிச்சயத்துக்கு ஆறு நாள்தான் இருந்துது. "பெரிய பேச்செல்லாம் வேண்டாம், சபையில சம்மதம்னு மூணு தடவை அடிச்சாப் போதும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதுக்கு ஒரு பதிலும் அடிக்கல. தலை மட்டும் ஆடுச்சு. நான் நிம்மதியா பந்தல் வேலையைப் பாக்கப் போயிட்டேன்.

நிச்சயத்தன்னைக்கு நாப்பது பேரு. அண்ணன் பட்டு வேட்டி. மகராசன் ஓரமா உக்காந்து செல்போனைத் தடவிக்கிட்டு இருந்தான். நான்தான் பெட்டியை ஸ்டூல் மேல வச்சு, வயரை எல்லாம் சொருகி, அவுக நாற்காலியை நடுவுல இழுத்துப் போட்டேன். என் கையால போட்டேன். பெரியவர் ஒருத்தர், "குத்தாலிங்கம், சபை கேக்குது, உன் வார்த்தை என்ன?"ன்னாரு.

அவுக நிமிந்து உக்காந்து அடிக்க ஆரம்பிச்சாக. அடிக்காக, அடிக்காக, நிறுத்தவே இல்ல. மூணு வார்த்தைக்கு எதுக்கு இவ்வளவு நேரம்னு நான் எட்டி எட்டிப் பாக்குதேன். கடைசியா அந்தப் பெரிய கட்டையை அமுக்கினாக. எனக்குப் படிப்பு கிடையாதே ஒழிய, காதுல விழுந்தது விழுந்தபடி அப்படியே நிக்கும். ஒரு எழுத்துக் குறையாமச் சொல்லுதேன், கேளுங்க.

'சுரண்டை கீழத்தெருவில் வசிக்கும் மாடசாமி குமாரர் குத்தாலிங்கம் ஆகிய நான், சுயநினைவுடனும், எவருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றியும், சபையோர் அறியச் சொல்வது யாதெனில், நான் இதுநாள் வரை எவருக்கும் எதற்கும் தலையாட்டவில்லை. என் தலை வாதத்தினால் ஆடுகிறது. மேற்படி ஆட்டத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் மனைவி பிரமு அவர்களின் சொந்தப் பொறுப்பு ஆகும். என் மகள் ஆவுடை மைனர் அல்ல. அவளது வாய்மொழியைக் கேட்டு மேற்கொண்டு செய்யவும்.'

பத்திர பாசை! பொண்டாட்டியை 'மேற்படி'ன்னு சொல்லல, அது ஒண்ணுதான் பாக்கி. ரயில் வருதுன்னு சொல்ற குரல்ல, நாப்பது பேர் நடுவுல. பின்னால எவனோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். எனக்குப் பந்தக்காலைப் பிடுங்கி அவன் மண்டையில போடணும் போல இருந்துது.

பெரியவர் ஆவுடையைப் பாத்தாரு. இந்தக் கழுதை எந்திரிச்சு நிக்கா. "எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல தாத்தா. இப்பக் கேட்டதனால சொல்லுதேன், எனக்கு இஷ்டம் இல்ல. மகராசனுக்கும் இஷ்டம் இல்ல, அவனே எங்கிட்டச் சொன்னான். மாமாகிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இருக்கான்"னா. அந்தப் பய தலையைக் குனிஞ்சவன் நிமிரவே இல்ல. வெக்கப்படுதான் டீச்சர், வேற என்ன? நல்ல பயலுக்கு வெக்கம் இருக்கத்தான் செய்யும்.

எங்க அண்ணன் தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டாரு. என்னைப் பாத்து ஒரு பார்வை பாத்தாரே, ஆஸ்பத்திரி வராண்டாவுல இருபத்திரெண்டு நாள் படுத்தவரு, அந்தப் பார்வையைத் தாங்கவா நான் பிறந்தேன்? அவரு பந்தலைத் தாண்டல, அதுக்குள்ள அவுக திரும்பவும் கையைக் கட்டை மேல வச்சாக. இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு நான் ஓடிப் போய் வயரைப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்தேன். இந்தா, முனை வளைஞ்சு கிடக்கு பாருங்க. விளக்கு அணைஞ்சு போச்சு.

அது நடந்து இன்னைக்கு ஒம்பது நாள்.

வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. ஆவுடை வேலைக்குப் போறா, வாரா, தகப்பனுக்குச் சோறு ஊட்டுதா, எங்கிட்ட முகம் கொடுக்க மாட்டேங்கா. அவுகளும் அப்படித்தான். நாற்காலியில உக்காந்துக்கிட்டு, இடது கையைத் தொடை மேல வச்சு விரலை ஆட்டிக்கிட்டே இருக்காக. அடிக்காக. வேட்டி மேல அடிக்காக. என்னத்த அடிக்காகளோ. என்னைத் திட்டித்தான் அடிப்பாக. நான் முன்னால போய் நின்னு கேக்குதேன், "ஏன் இப்படிச் செஞ்சிய? கட்டினவளை நாப்பது பேர் முன்னால அம்மணமா நிறுத்திட்டியளே, நான் என்ன குறை வச்சேன்?"னு தினமும் கேக்குதேன். தலை ஆடுது. அது எதுக்கு ஆடுதுன்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்? அதையும் கெடுத்துட்டாகளே. முன்னாலயாவது நான் ஒண்ணு கேட்டா ஒரு பதில் இருந்துது.

முந்தாநாள் அண்ணன் போன் பண்ணினாரு. தானாடாட்டாலும் தன் சதை ஆடும்லா. "பிரமு, நடந்ததை விடு. புள்ளைக ரெண்டையும் நான் வழிக்குக் கொண்டுவாரேன். வெள்ளிக்கிழமை நாலு பெரியவங்களோட மட்டும் வாரேன். மாப்ள வாயால 'சம்மதம்'னு ஒரு வார்த்தை வரட்டும், அன்னைக்குச் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகும்"னாரு. "வரும்ணே"ன்னு நான் சொல்லிட்டேன்.

எப்படி வரும்னு கேக்கியளா? அதுக்குத்தான் இங்க வந்திருக்கேன். நான் படிக்காதவளா இருக்கலாம், மக்கு இல்ல. எழுத்து வரிசையையே தலைகீழா மாத்தத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா? எந்தக் கட்டையை அமுக்கினாலும் 'சம்மதம்'னு மட்டும் வரணும். அவுக பத்திரமே அடிக்கட்டும், அர்ச்சனையே பண்ணட்டும். பெட்டி 'சம்மதம்'னுதான் சொல்லணும். கெடுத்தவளே சரிபண்ணிக் கொடுக்கணும். இது நியாயமா இல்லையா?

எதுக்கு டீச்சர் அப்படிப் பாக்கிய? நீங்களும் அவ கட்சியா?

இந்தா வந்துட்டா மகராணி. வாடி, வா. பத்து நிமிசம்னு எழுதி வச்சிட்டு மனுசியை இவ்வளவு நேரமா காக்க வைக்க. இந்த டீச்சருக்கு அப்புறம் பாக்கலாம், அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. முதல்ல இதைப் பிடி.

கேட்டியளா டீச்சர், நான் சொல்லி முடிச்சதும் "நிசமாத்தான் சொல்லுதியளா பெரியம்மா?"ன்னு கேக்கா. பொய் சொல்ல நான் என்ன உன் கடைக்கு வாடகை பாக்கியா வச்சிருக்கேன்? செய்டி. செஞ்சு கொடுத்துட்டு மறுபேச்சுப் பேசு.

பாருங்க, வேலைக்கு உக்காந்துட்டா. நான் நெனச்சேன், சண்டைக்கு வருவான்னு. குட்டி வயரை மாத்திட்டா. பச்சை விளக்கு எரியுது. கறுப்புத் திரையைத் திறந்துட்டா. அவ விரல் ஓடுறதைப் பாத்தியளா? அவுக விரலும் இப்படித்தான் ஓடும்.

முடிஞ்சிட்டாம். அவ்வளவுதானா? அமுக்கிக் காட்டு.

"சம்மதம்."

ஆங்! அடுத்த கட்டையை அமுக்கு. அதையும். அந்த ஓரத்துல இருக்கதை.

"சம்மதம்." "சம்மதம்." "சம்மதம்."

அப்படிப் போடு! பாத்தியளா டீச்சர், நான்தான் சொன்னேம்லா? வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் குளுந்து போவாரு. ஏட்டி, என்ன பண்ணுத? சோதிச்சுப் பாக்காளாம். சோதி, சோதி.

"ஐயா, ஆவுடை இஷ்டப்பட்டவனையே கட்டிக்கிடட்டுமா?"ன்னு பெட்டிகிட்டக் கேக்கா கழுதை.

"சம்மதம்."

ஏட்டி!

"ஐயா, பெரியம்மாவை அவுக அண்ணன் வீட்டுக்கே மூட்டை கட்டி அனுப்பிரலாமா?"

"சம்மதம்."

திமிரைப் பாருங்க. நீங்களும் சிரிக்கியளே டீச்சர். பெட்டிக்கு என்ன தெரியும்? அது என்ன மனுசனா? நான் சண்டைக்கு வரல, கொடு இங்க, அதைக் கொடு. நான் கேக்குதேன். எனக்கு மட்டும் கேக்கத் தெரியாதாக்கும்.

இந்தா பாருங்க, நான் பிரமு கேக்குதேன். பதினாலு மாசம் ராவும் பகலும் உங்களைத் தூக்கி, தொடைச்சு, குளிப்பாட்டி, ஊட்டினேன். நான் உங்களை நல்லாப் பாத்துக்கிட்டேனா, இல்லையா?

"சம்மதம்."

இது என்ன பதில்?

ஆமான்னாவது சொல்லணும், இல்லன்னாவது சொல்லணும். ஏட்டி, இது என்ன பதில்? நான் என்ன கேக்குதேன், இது என்ன சொல்லுது? அவுகன்னா இதுக்கு ஒரு பக்கம் அடிப்பாக. பிரமு ஆகிய நீ, இன்ன தேதியில இன்ன குத்தம் செஞ்சாய்னு வரிசையா அடிப்பாக. கூழை எழுதுவாக, ஆறுமுகத்தை விரட்டினதை எழுதுவாக. ஒரு வேளை கடைசியில ஒரு வரி, ஒரே ஒரு வரி, வேற மாதிரியும் எழுதுவாகளா இருக்கும். எனக்கு என்ன தெரியும்? ஒம்பது நாளா வேட்டி மேல அடிச்சது எல்லாம் என்னன்னு எனக்கு யாரு சொல்லுவா, இந்தப் பெட்டியா சொல்லும்?

"சம்மதம்."

எவடி அமுக்கினது? என் கை பட்டுட்டா. சரி.

மாத்துடி. பழையபடி மாத்து. என்ன பாக்க? மாத்துன்னு சொன்னேன்லா. நான் ஒண்ணும் விட்டுக்கொடுக்கல, அதையும் நெனச்சுக்கிடாத. வீட்டுக்குப் போய் இதை அவுக கையில கொடுத்து, மூஞ்சிக்கு நேரா உக்காந்து, நான் ஒண்ணு கேப்பேன், அவுக ஒண்ணு அடிக்கட்டும். பத்திர பாசையிலயே திட்டட்டும். நானும் விட மாட்டேன். பேச்சு இல்லாதவுக கூட ஒத்தையில சண்டை போட்டு எனக்குத் தொண்டை வத்திப்போச்சு டீச்சர், அது என்ன சண்டை?

ஆச்சா? பழைய வரிசைதானே, டைப் மெசின் வரிசை? அவுக அடிச்சு மறுபடி உளறல் வந்துச்சுன்னா உன்னை உண்டு இல்லன்னு ஆக்கிருவேன். அந்த முனையை நல்லா இறுக்கிச் சொருகு, இனி எவ இழுத்தாலும் வரக்கூடாது.

உன் போனை எடு மெர்சி. எங்க அண்ணன் நம்பர் ஒன்கிட்ட இருக்குல்லா, போடு. ஒலியைக் கூட்டி வை, எனக்குக் காதுல வச்சுப் பேச வராது.

அண்ணே, நான்தான். பிரமு. நல்லா இருக்கேன். வெள்ளிக்கிழமை வராதண்ணே. இல்ல, மறுபடி நாள் பாக்கவும் வேண்டாம். கோவப்படாதண்ணே, உனக்கு நான் பட்ட கடன் வேற, அதை நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன். அவுக வார்த்தை என்ன ஆச்சுன்னா கேக்க? எனக்குத் தெரியாதுண்ணே. எங்க வீட்டுல இன்னும் பேசி முடியல.